கவுன்சில் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்

கேள்வி கேட்ட தங்கையின் நிலைமையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் ஏழு ஆண்டுகள் தற்காலிக வீடுகளில் அலைந்த பிறகு, அவருடைய குடும்பத்துக்குக் கவுன்சில் வீடு ஒன்று, அதாவது உள்ளாட்சி மன்றம் வாடகைக்குத் தரும் வீடு, கிடைத்திருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை சாவி. வாடகை ஒப்பந்தத்தை முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறார்கள், 38 பக்கம். கணவரின் பெயரையும் சேர்க்க வேண்டுமா? கூடவே இருக்கும் அம்மாவுக்கு அந்த வீட்டில் என்ன உரிமை? அம்மா ஊருக்குப் போகும் மாதங்களில் அவருடைய அறையை யாருக்காவது வாடகைக்கு விடலாமா? குடும்பமாக யாழ்ப்பாணம் போய் மூன்று மாதம் தங்கினால் பிரச்சினை வருமா? பூஞ்சணம் பிடித்தால் யார் பொறுப்பு? இவ்வளவும் கேட்டுவிட்டு, "வாசிக்காமலே கையெழுத்துப் போட்டால் என்ன அண்ணா, எப்படியும் வீடு வேண்டும்தானே?" என்றும் கேட்டிருக்கிறார்.

நான் வழக்கறிஞர் அல்ல. பல ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் ஓர் ஆலோசனை மேசையில் நம்மவர்களுக்கு மொழிபெயர்க்க உட்காருகிறவன். இங்கே எழுதுவது இங்கிலாந்தின் சட்டம் மட்டுமே. வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் சட்டம் வேறு. கவுன்சிலிடம் அல்லாமல் ஹவுசிங் அசோசியேஷன் என்ற இலாப நோக்கற்ற வீட்டு நிறுவனத்திடம் வீடு எடுத்தவர்களுக்கும் பல இடங்களில் வேறு.

கையெழுத்துப் போடத்தான் போகிறீர்கள். ஒப்பந்தத்தின் வாசகத்தை உங்களுக்காக யாரும் மாற்றித் தர மாட்டார்கள். ஆனாலும் வாசியுங்கள். முக்கியமாக முதல் இரண்டு பக்கங்களை வாசியுங்கள், ஏனென்றால் கவுன்சில் வீட்டில் உங்களுடைய பலம் முழுவதும் இரண்டு விஷயங்களில் தங்கியிருக்கிறது: ஒப்பந்தத்தில் யாருடைய பெயர் இருக்கிறது, பிறகு நீங்கள் சொன்னதெல்லாம் எழுத்தில் இருக்கிறதா என்பது. என் மேசைக்கு வந்த துயரங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில் ஆரம்பித்தவை.

முதல் பக்கத்தில் 'இன்ட்ரடக்டரி டெனன்சி' என்று எழுதியிருக்கும். உங்களைப் போலத் தற்காலிக வீட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் பல கவுன்சில்கள் முதலில் கொடுப்பது இதைத்தான். தமிழில் பரீட்சார்த்தக் குடியிருப்பு என்று சொல்லலாம். 12 மாதம். அதற்குள் பிரச்சினை எதுவும் இல்லையென்றால் தானாகவே 'செக்யூர் டெனன்சி', அதாவது பாதுகாப்புள்ள குடியிருப்பு, ஆகிவிடும், விண்ணப்பிக்க வேண்டியதில்லை. பிரச்சினை இருந்தால் கவுன்சில் இன்னும் 6 மாதம் நீட்டலாம். அதற்கு முதல் ஆண்டு முடிவதற்குக் குறைந்தது 8 வாரத்துக்கு முன்பே காரணத்துடன் கடிதம் தர வேண்டும்.

இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் சிறியதல்ல. செக்யூர் குடியிருப்பாளரை வெளியேற்ற வேண்டுமானால் கவுன்சில் 1985ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தில் சொல்லியிருக்கும் காரணங்களில் ஒன்றை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். வாடகை பாக்கி, தொல்லை போன்ற காரணங்களில் அது மட்டும் போதாது. வெளியேற்றுவது நியாயம்தானா என்றும் நீதிபதி பார்ப்பார். கடுமையான சமூக விரோத நடத்தைக்கு நீதிமன்றத் தீர்ப்பே வந்துவிட்ட சில வழக்குகளில் மட்டும் 2014ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இரக்கத்தை எடுத்துவிட்டது. முதல் ஆண்டுக் குடியிருப்பாளருக்கோ இந்தப் பாதுகாப்பு அநேகமாக இல்லை. கவுன்சில் காரணம் சொல்லி நோட்டீஸ் கொடுத்து, மறுபரிசீலனை கேட்டால் அதையும் முறையாக நடத்திவிட்டால், நீதிபதிக்கு உங்கள் மேல் எவ்வளவு இரக்கம் இருந்தாலும் பெரும்பாலும் கையைக் கட்டித்தான் உட்கார வேண்டும். அந்த மறுபரிசீலனையை நோட்டீஸ் வந்த 14 நாளுக்குள் கேட்க வேண்டும். கடிதத்தைத் திறக்காமல் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு மூன்றாவது வாரம் என்னிடம் கொண்டுவந்தவர்கள் உண்டு. அப்போது என்னால் தேநீர் மட்டுமே கொடுக்க முடிந்தது.

ஆகவே முதல் 12 மாதத்தில் வாடகை ஒரு வாரமும் பிந்தக் கூடாது. இதில் ஒரு பொறி இருக்கிறது. கவுன்சில் வாடகை பொதுவாக வாரக் கணக்கு. திங்கட்கிழமை பிறந்தவுடன் அந்த வாரத்து வாடகை உங்கள் கணக்கில் கடனாக ஏறிவிடும். வாடகைக்கும் சேர்த்து அரசு தரும் உதவிப் பணமான யுனிவர்சல் கிரெடிட் மாதக் கணக்கு, அதுவும் மாதம் முடிந்த பிறகு வருவது. புதிதாக விண்ணப்பித்தால் முதல் பணம் கைக்கு வர ஐந்து வாரம் ஆகும். ஏற்கெனவே பெறுபவர் என்றாலும் முகவரியும் வாடகையும் மாறியதைச் சாவி வாங்கிய அன்றே இணையக் கணக்கில் பதிய வேண்டும். பிந்தினால் இழப்பு உங்களுக்கு. இடையில் ஏறும் பாக்கியைப் பார்த்துக் கணினியே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும். பயப்பட வேண்டாம், ஆனால் பதில் எழுதுங்கள்: "யுனிவர்சல் கிரெடிட்டுக்கு இந்தத் தேதியில் அறிவித்துவிட்டேன், பணம் இந்தத் தேதியளவில் வரும், அதுவரை வாரம் இவ்வளவு கட்டுகிறேன்." மூன்றே வரி. சில ஆண்டுகளில் 53 திங்கட்கிழமைகள் வரும். அப்போது ஒரு வார வாடகை கையிலிருந்து போகும். வாடகை வழக்கமாக ஏப்ரலில் உயரும். விதிப்படி உச்சவரம்பு, முந்தைய செப்டம்பரின் விலைவாசி உயர்வுடன் ஒரு விழுக்காடு. 2026 ஏப்ரலுக்கு அது 4.8 விழுக்காடாக வந்தது. உயர்வைக் குறைந்தது 4 வாரத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

ஒரு படுக்கையறை உங்கள் தேவைக்கு அதிகம் என்று கணக்கு வந்தால் வாடகை உதவியில் 14 விழுக்காடும், இரண்டு அறை அதிகமானால் 25 விழுக்காடும் வெட்டுவார்கள். 2013இல் வந்தது, மக்கள் வாயில் 'பெட்ரூம் டாக்ஸ்'. அம்மா கூட இருக்கும்வரை அவருக்கு ஓர் அறை கணக்கில் சேரும் என்பதால் இப்போதைக்கு உங்களுக்குக் கவலை இல்லை.

இனிக் கணவரின் பெயர். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் "புருஷன் பெயர் இல்லாமல் எப்படி?" என்ற மரியாதைக் கணக்கில் இதை முடிவு செய்துவிடுகிறார்கள். சட்டத்துக்கு அந்த மரியாதை தெரியாது.

இருவர் பெயரிலும் எடுத்தால் அது ஜாயின்ட் டெனன்சி. வாடகை பாக்கிக்கு இருவரும் முழுப் பொறுப்பு. பாதிப் பாதி அல்ல. கணவர் கட்டாமல் போனால் முழுத் தொகையையும் உங்களிடம் கேட்கலாம், அவர் வீட்டை விட்டே போயிருந்தாலும். ஒருவர் இறந்தால் மற்றவர் தானாகவே முழுக் குடியிருப்பாளர் ஆவார். இதுவரை நல்லது.

பெரும்பாலோருக்குத் தெரியாதது இதுதான்: இருவரில் ஒருவர் மட்டும் மற்றவரைக் கேட்காமலே கவுன்சிலுக்கு முறையான நோட்டீஸ் கொடுத்தால், இருவருடைய குடியிருப்பும் முடிந்துவிடும். ஹாமர்ஸ்மித் அண்ட் புல்ஹம் கவுன்சிலுக்கும் மங்க் என்பவருக்கும் இடையிலான வழக்கில், அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1991இல் இதை உறுதி செய்தது. சேர்ந்து வாழ்ந்த இருவருக்குள் மனத்தாங்கல், அந்தப் பெண் வெளியேறி நான்கு வார நோட்டீஸ் கொடுத்தார், வீட்டிலேயே இருந்த மங்க்குக்கு அந்த வீட்டில் இருக்கும் உரிமை போய்விட்டது. அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறது. கோபத்தில் ஒருவர் போடும் ஒரு கையெழுத்து மற்றவரையும் பிள்ளைகளையும் வீதிக்குக் கொண்டுவரலாம் என்பதை இருவருமே தெரிந்து கையெழுத்திடுங்கள்.

அதற்காகத் தனிப் பெயரில் எடுத்தால் மற்றவருக்கு ஒன்றுமே இல்லை என்பதும் இல்லை. சட்டப்படி மணமான கணவனுக்கோ மனைவிக்கோ, ஒப்பந்தத்தில் பெயர் இல்லாவிட்டாலும், 1996ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டப்படி அந்த வீட்டில் இருக்கும் உரிமை உண்டு; திருமணம் நிலைத்திருக்கும்வரை அது நிற்கும். "என் பெயரில்தான் வீடு, வெளியே போ" என்று யாரும் யாரையும் நீதிமன்றம் இல்லாமல் துரத்த முடியாது. கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்டவர்கள் இங்கே இடறி விழுவார்கள். இங்கிலாந்தில் பதிவுத் திருமணம் இல்லாத கோயில் கல்யாணம் பெரும்பாலும் சட்டத்தின் கண்ணில் திருமணம் அல்ல. அடி உதை, அச்சுறுத்தல் இருக்கும் வீடென்றால் எதிலும் கையெழுத்திடும் முன், எதையும் முடித்துக்கொள்ளும் முன், தனியாக ஆலோசனை எடுங்கள். பாதிக்கப்பட்டவர் ஏற்கெனவே ஆயுட்காலக் குடியிருப்பாளராக இருந்து, அந்தக் காரணத்தால் புதிய கவுன்சில் வீடு பெற்றால், அதே பாதுகாப்புடன்தான் கொடுக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

இன்னொன்று: உங்கள் கணவர் 'பொது நிதி உதவி கிடையாது' என்ற நிபந்தனை உள்ள விசாவில் இருந்தால் அவரை ஒப்பந்தத்தில் சேர்க்கவே முடியாது. தகுதியில்லாத ஒருவருடன் கூட்டாக வீடு ஒதுக்கக் கவுன்சிலுக்கே அனுமதி இல்லை. அவர் வீட்டில் வசிப்பது வேறு விஷயம். இதில் சந்தேகம் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுப் பெயர் கொடுங்கள், பிறகு கேட்காதீர்கள்.

அம்மா விஷயம் கசப்பானது, நேராகவே சொல்கிறேன். ஒப்பந்தத்தில் 'வீட்டில் வசிப்போர்' என்ற பட்டியலில் அம்மாவின் பெயர் இருக்கும். அது வெறும் பட்டியல். குடியிருப்பு உரிமை அல்ல. 2012 ஏப்ரல் 1க்கு முன் ஆரம்பித்த கவுன்சில் குடியிருப்புகளில், குடியிருப்பாளர் இறந்தால் 12 மாதம் கூடவே இருந்த தாய், பிள்ளை, சகோதரர் போன்றோரும் வீட்டைத் தொடரலாம். அதற்குப் பின் ஆரம்பித்தவற்றில் சட்டம் அந்த உரிமையைக் கணவன் அல்லது மனைவிக்கும், அப்படியே சேர்ந்து வாழும் துணைக்கும் மட்டும் கொடுக்கிறது. மற்ற உறவினருக்கு உரிமை வேண்டுமானால் ஒப்பந்தத்திலேயே கவுன்சில் அப்படி எழுதியிருக்க வேண்டும். சில கவுன்சில்கள் எழுதுகின்றன. 'சக்ஸெஷன்' என்ற தலைப்பைத் தேடிப் பாருங்கள். உங்கள் 38 பக்கத்தில் இந்த ஒரு பத்திக்காகவே கண்ணாடியைத் துடைத்துவிட்டு உட்காரலாம். இந்தத் தொடர்ச்சி சட்டப்படி ஒரு முறைதான். ஜாயின்ட் டெனன்சியில் ஒருவர் இறந்து மற்றவர் தொடர்வதும் அந்த ஒரு முறையாகவே கணக்கிடப்படும்.

அறையை வாடகைக்கு விடுவது. இதில் மூன்று விதம் இருக்கிறது. நம்மவர்கள் மூன்றையும் ஒன்றாகக் குழப்புவார்கள். உங்களுடனேயே இருந்து, சமையலறையையும் பகிர்ந்து, ஓர் அறையில் தங்குபவர் லாட்ஜர். வீட்டின் ஒரு பகுதியைப் பூட்டுச் சாவியோடு தனியாகக் கொடுத்தால் அது உள்வாடகை. முழு வீட்டையும் கொடுத்துவிட்டு நீங்கள் வேறு இடத்தில் இருந்தால் அது குற்றம். செக்யூர் குடியிருப்பாளருக்கு லாட்ஜர் வைத்துக்கொள்ளச் சட்டமே உரிமை தருகிறது. ஒரு பகுதியை உள்வாடகைக்கு விட எழுத்தில் அனுமதி வேண்டும். முதல் ஆண்டில் அந்தச் சட்ட உரிமை இல்லை. ஆகவே இந்த ஆண்டு கேட்காமல் யாரையும் வைக்காதீர்கள். பிறகு வைத்தாலும் கவுன்சிலுக்கும் யுனிவர்சல் கிரெடிட்டுக்கும் சொல்லிவிட்டு வையுங்கள்.

முழு வீட்டையும் கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். கனடாவில் அண்ணன் கடை போட்டார், உதவிக்கு இவர் போனார். "வீடு சும்மாதானே கிடக்கிறது" என்று மச்சானுக்குக் கொடுத்தார். மச்சான் மாதாமாதம் ஒரு தொகையை வங்கியில் போட்டார். வங்கிக் கணக்கே சாட்சியாகிவிட்டது. அவர் திரும்பி வந்து மெத்தையை விரித்துப் படுத்தாலும் பலன் இல்லை: முழு வீட்டையும் கைமாற்றிவிட்டால் செக்யூர் உரிமை போய்விடும், திரும்பி வந்தாலும் திரும்பாது. அதற்கு மேல், 2013இல் நடைமுறைக்கு வந்த சமூக வீட்டு மோசடித் தடுப்புச் சட்டம் இருக்கிறது. தெரிந்தே செய்தால் அபராதம். நேர்மையற்ற நோக்கத்துடன் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை. சம்பாதித்த இலாபத்தைத் திருப்பிக் கட்டவும் உத்தரவிடலாம். இவருக்குச் சிறை வரவில்லை. வீடு போனது. புகார் போனது யாரிடமிருந்து என்று இன்றுவரை மச்சானைச் சந்தேகிக்கிறார்.

யாழ்ப்பாணம் மூன்று மாதம் என்பது இதோடு சேர்ந்தது. சட்டம் கேட்பது, இந்த வீடு உங்கள் ஒரே வீடாக அல்லது பிரதான வீடாக இருக்க வேண்டும் என்பதே. சாமான்கள் இங்கே, பிள்ளைகளின் பள்ளி இங்கே, திரும்பும் டிக்கெட் கையில் என்றால் மூன்று மாதத்தில் அது மாறிவிடாது. ஆனால் எத்தனை வாரத்துக்கு மேல் வெளியே போனால் அறிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஓர் எண் இருக்கும். அதைப் பார்த்து மின்னஞ்சல் போட்டுவிட்டுப் போங்கள். வீட்டை விட யுனிவர்சல் கிரெடிட்தான் முதலில் இடிக்கும்: வெளிநாட்டில் பொதுவாக ஒரு மாதம் வரைதான் தொடரும். அது நின்றால் வாடகையும் நிற்கும், வாடகை நின்றால் முன்னே சொன்ன நோட்டீஸ். ஊரில் நல்லூர் வீதியில் நடந்துகொண்டிருக்கும்போது கதவுக்குக் கீழே கடிதங்கள் குவிவதைப் பலர் திரும்பி வந்துதான் பார்த்திருக்கிறார்கள்.

பழுதுகளுக்கு வருவோம். வீட்டின் கட்டமைப்பு, வெளிப்புறம், கூரை, பீலி, வடிகால், தண்ணீர், காஸ், மின்சார இணைப்புகள், கழிவறை, குளியல் தொட்டி, சூடாக்கும் கருவி, சுடுநீர் எல்லாம் கவுன்சிலின் பொறுப்பு. வாடகை வீடுகளைப் பற்றிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு இதை ஒப்பந்தத்துக்குள் தானாகவே புகுத்திவிடுகிறது. "நாங்கள் பொறுப்பல்ல" என்று எங்காவது எழுதியிருந்தாலும் செல்லாது. காஸ் கருவிகளை ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைக்குக் கதவு திறப்பது உங்கள் கடமை. இதைத் தட்டிக் கழித்தவர்கள் மேல் கவுன்சில்கள் நீதிமன்றத்துக்கே போகின்றன. பழுது பார்க்க வருவதானால் அவசரம் அல்லாதபோது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்லிவிட்டு வர வேண்டும்.

உங்கள் பங்கு என்ன என்பதை டென்னிங் என்ற நீதிபதி 1950களில் ஒரு வழக்கில் பாமரத்தனமாகவே சொல்லிவைத்தார்: குளிர்காலத்தில் வெளியூர் போனால் தண்ணீரை மூடு, உன் குப்பையால் தொட்டி அடைத்தால் நீயே அடைப்பை எடு, விளக்கு ப்யூஸ் போனால் மாற்று. இன்றும் அதுதான். நம் வீடுகளில் அடைப்புக்கு முதல் காரணம் எண்ணெய். தேங்காய் எண்ணெயைச் சுடச் சுடத் தொட்டியில் ஊற்றினால், அது வெளிக்குழாய் வரை போய் லண்டன் குளிரில் மெழுகாக உறைந்து நிற்கும். கவுன்சில் ஆள் வந்து எடுத்துவிட்டு உங்கள் பெயருக்குக் கட்டணம் அனுப்பினால் வாதாட இடமில்லை.

பூஞ்சணம் தனிக் கதை. சென்ற குளிர்காலத்தில் ஒரு மூதாட்டியின் வீட்டுக்கு மொழிபெயர்க்கப் போனேன். படுக்கையறை மூலையில் கட்டிலுக்குப் பின்னால் கறுப்புப் பூப்பூவாகச் சுவர் முழுக்க. சாமிப் படத்தைக் கழற்றினால் அதன் பின்னால் சட்டத்தின் அளவுக்கே சதுரமாகக் கறுப்பு. வந்த அதிகாரி மூக்கை உறிஞ்சிவிட்டு, "நிறைய வேகவைத்துச் சமைப்பீர்களா? ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்று எழுதிக்கொண்டார். புட்டும் இடியப்பமும் குற்றவாளியாக்கப்பட்ட அந்தக் காட்சியை நான் அந்த அம்மாவுக்கு முழுதாக மொழிபெயர்க்கவில்லை.

இந்த வாதத்துக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1985இல் டாஃப் ஈலி கவுன்சிலின் மேல் ஒரு குடியிருப்பாளர் போட்ட வழக்கில், இரும்புச் சட்ட ஜன்னல்களில் நீர் படிந்து வீட்டுச் சாமான்களே அழுகின. நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? ஜன்னல் உடையவில்லை, கட்டியபடியே இருக்கிறது. ஆகவே அது 'பழுது' அல்ல. பல ஆண்டுகள் கவுன்சில்கள் இதைப் பிடித்துக்கொண்டே தப்பின. அதை மாற்றியது 2018ஆம் ஆண்டு வந்த 'மனிதர் வசிக்கத் தகுந்த வீடு' பற்றிய சட்டம், 2019 மார்ச் 20 முதல் நடைமுறையில். இப்போது கேள்வி 'என்ன உடைந்தது' என்பதல்ல. ஈரமும் பூஞ்சணமும் சேர்ந்து வீடு வசிக்கத் தகுதியற்றதாகிவிட்டதா என்பதே. குடியிருப்பாளர்களின் புகார்களை விசாரிக்கும் ஹவுசிங் ஓம்பட்ஸ்மன் 2021இல் வெளியிட்ட அறிக்கையும், குடியிருப்பாளரின் வாழ்க்கை முறையைக் குறை சொல்லித் தப்பிக்கும் வழக்கத்தைக் கடுமையாகச் சாடியது.

அதற்கும் முந்தைய டிசம்பரில், 2020இல், ராச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வீட்டுப் பூஞ்சணமே காரணம் என்று 2022இல் விசாரணை சொன்னது. அந்தப் பிள்ளையின் பெயராலேயே அழைக்கப்படும் விதிகள் 2025 அக்டோபர் 27 முதல் கவுன்சில்களுக்கும் ஹவுசிங் அசோசியேஷன்களுக்கும் பொருந்துகின்றன. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் பார்த்துப் பாதுகாப்பாக்க வேண்டும். கடுமையான ஈரம், பூஞ்சணம் என்றால் 10 வேலை நாளுக்குள் வந்து ஆராய வேண்டும். ஆராய்ந்து முடித்த 3 வேலை நாளுக்குள் என்ன கண்டோம் என்று எழுத்தில் தர வேண்டும். ஆபத்து உறுதியானால் 5 வேலை நாளுக்குள் பாதுகாப்பாக்க வேண்டும். முடியாவிட்டால் அவர்கள் செலவில் மாற்றிடம்.

இந்த நாள் கணக்கெல்லாம் எப்போது ஓட ஆரம்பிக்கும்? நீங்கள் அறிவித்த நாளிலிருந்து. படி இறங்கும்போது கண்ட கவுன்சில் ஆளிடம் "தம்பி, சுவர் ஈரமாக இருக்கிறது" என்று சொன்னதை நிரூபிப்பது கடினம். தொலைபேசியில் சொன்னால் குறிப்பு எண்ணை வாங்கி, அன்றைக்கே மின்னஞ்சலும் போடுங்கள். தேதி தெரியும் படங்களுடன். யாருக்கு ஆஸ்துமா, பிள்ளையின் வயது என்ன என்பதையும் எழுதுங்கள். அவர்கள் அவசரத்தைத் தீர்மானிக்கும்போது அது கணக்கில் வரும். ஆங்கிலம் பிழையாக இருந்தால் இருக்கட்டும்.

கவனிக்காவிட்டால் முறைப்படி புகார். 'கம்ப்ளெயின்ட்' என்ற சொல்லையே எழுதுங்கள். பழுது அறிவிப்பை மூன்று தடவை திரும்பச் சொன்னால் அது புகார் ஆகிவிடாது. ஐந்து வேலை நாளில் ஏற்றுக்கொண்டதாகக் கடிதம், அதிலிருந்து பத்து வேலை நாளில் முதல் பதில், திருப்தியில்லையென்றால் இரண்டாம் கட்டம், அதற்கு இருபது வேலை நாள். அதன் பின் ஹவுசிங் ஓம்பட்ஸ்மன், கட்டணம் இல்லை. என்ன கோபம் இருந்தாலும் வாடகையை நிறுத்திவைக்காதீர்கள். "அவன் திருத்தட்டும், நான் கட்டுகிறேன்" என்பது நம்மூர் நியாயம். இங்கே அது, நியாயம் உங்கள் பக்கம் இருந்த கதையை வாடகை பாக்கிக் கதையாக மாற்றிக் கொடுப்பது.

மீதி விதிகளை வேகமாகச் சொல்கிறேன். தமிழ் அலைவரிசை பார்க்க பால்கனியில் டிஷ் பொருத்த எழுத்தில் அனுமதி வேண்டும். மரத்தரை போடவும் அடுக்குமாடிகளில் அனுமதி கேட்பார்கள், கீழ்வீட்டுக்காரருக்குச் சத்தம் என்பதால். செருப்பைக் கதவுக்கு வெளியே விடுவது நம் வழக்கம், ஆனால் பொது நடைபாதையில் அடுக்கு, வண்டி, செருப்பு எதுவும் பல இடங்களில் கூடாது. 2017 ஜூனில் கிரென்ஃபெல் கோபுரத் தீயில் 72 பேர் இறந்த பிறகு இதில் யாரும் சலுகை காட்டுவதில்லை; எச்சரித்துவிட்டு அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். பிள்ளைகளும் விருந்தினரும் செய்யும் தொல்லைக்கும் குடியிருப்பாளரே பொறுப்பு, மகன் செய்த காரியத்துக்கு அம்மாவின் பெயரில்தான் நோட்டீஸ் வரும். கட்டடத்துக்குக் கவுன்சில் காப்புறுதி செய்திருக்கும், உங்கள் சாமான்களுக்கு இல்லை. மேல்வீட்டுக் குழாய் வெடித்தால் நனைவது உங்கள் சோபா. வீடு வாங்கும் உரிமையைப் பற்றி இப்போதே கனவு காண வேண்டாம். மூன்று ஆண்டு ஆக வேண்டும், அரசு அதைப் பத்தாக்கப் போவதாக அறிவித்திருக்கிறது, 2024 நவம்பர் முதல் லண்டனின் பெரும்பகுதியில் தள்ளுபடி 16,000 பவுண்டைத் தாண்டாது. வேறு குடும்பத்துடன் வீட்டை மாற்றிக்கொள்ளும் உரிமை செக்யூர் ஆன பிறகு வரும். விண்ணப்பித்தால் 42 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

என்றாவது நீதிமன்றக் கடிதம் வந்தால் போகாமல் இருக்காதீர்கள். வீட்டை மீட்கும் வழக்குகளுக்கு நீதிமன்றத்திலேயே இலவச வழக்கறிஞர் உதவி உண்டு, உங்கள் வருமானம் எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள். 2023 ஆகஸ்டிலிருந்து, வெளியேற்றும் நோட்டீஸ் வந்த நாளிலிருந்தே அந்த உதவியைக் கேட்கலாம். செக்யூர் குடியிருப்பாளர் வாடகையோடு பாக்கிக்கும் வாரம் ஒரு சிறு தொகை சேர்த்துக் கட்டச் சம்மதித்தால், வெளியேற்றும் உத்தரவை நிறுத்திவைக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. வராதவருக்காக யாரும் பேச மாட்டார்கள்.

திங்கட்கிழமை சாவி வாங்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நம் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால் வருவதால் அதிகாரிகள் அதையே உங்கள் பெயராக எழுதிவிடுவார்கள். யுனிவர்சல் கிரெடிட்டில் ஒரு பெயர், ஒப்பந்தத்தில் இன்னொரு பெயர் என்றால் வாடகைப் பணம் வாரக்கணக்கில் நின்றுபோகும். திருத்தி எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள். கையெழுத்திட்ட பிரதி ஒன்றை அங்கேயே வாங்குங்கள். பிறகு வெறும் வீட்டை, பெட்டிகளை உள்ளே கொண்டுபோவதற்கு முன், அறை அறையாகப் படம் எடுங்கள்: மூலைகள், ஜன்னல் ஓரங்கள், தொட்டிக்குக் கீழே. மின்சார, காஸ் மீட்டர்களையும் எண் தெரிய எடுங்கள். முன்பணம் போடும் மீட்டராக இருந்தால் உடனே பணம் போடாதீர்கள். முன்பிருந்தவரின் கடன் அதில் இருக்கலாம், நீங்கள் போடும் காசை அது தின்றுவிடும். முதலில் மின் நிறுவனத்துக்கு அழைத்துப் புதிய குடியிருப்பாளர் என்று சொல்லுங்கள். காஸ் பெரும்பாலும் மூடியிருக்கும், திறந்து சோதிக்க ஆள் வர வேண்டும், அதற்கு நேரம் வாங்க வேண்டும். சாவி வாங்கும் மேசையிலேயே அதைக் கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகளுடன் முதல் இரவைச் சுடுநீர் இல்லாமல் கழிக்க வேண்டியிருக்கும்.